அயர்லாந்தின் ஜிக்

ஜிக் என்ற சொல் அயர்லாந்து மக்களிடையே ஓர் ஆடலையும் அதற்குரிய மெட்டையும் ஒருங்கே குறிக்கும். பிடில், புல்லாங்குழல், முழங்கையால் துருத்தியை அமுக்கி இயக்கும் பைக்குழல் ஆகியவற்றில் அம்மெட்டு வாசிக்கப்படும். பெரும்பாலும் எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட இரு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வரும். அமைப்பு இவ்வளவே.

அதன் உயிரோ நடையில் இருக்கிறது. ஒரு வட்டத்துக்கு இரண்டு ‘தகிட’ வருமாயின் அது இரட்டை ஜிக். மூன்று வருமாயின் ஸ்லிப் ஜிக். திஸ்ர நடையைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமன்று. ஆயினும் கைதேர்ந்த பிடில்காரர் மூன்று சுரங்களையும் சமமாக வாசிப்பதில்லை. முதற் சுரத்தைச் சற்றே நீட்டி, அடுத்ததைக் குறுக்குவர். எவ்வளவு நீட்டுவது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அதனை எழுத்தில் வடித்தல் அரிது. கேட்டே அறிதல் வேண்டும்.

ஆடலும் அவ்வாறே ஆள்வழி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆடலாசான்கள் ஊரூராகச் சென்று கற்பித்தனர். வலம் இடம் அறியாத சிறுவரின் ஒரு காலில் வைக்கோலும் மறு காலில் உலர்புல்லும் கட்டிப் பழக்கினர் என்பது கர்ணபரம்பரை. குடிசையின் மண்தரையில் காலோசை எழாதாகையால், கதவைக் கழற்றிக் கிடத்தி அதன்மேல் ஆடுவதும் உண்டு. காலோசையும் இசையின் ஒரு பகுதியன்றோ!

செவிவழி வாழும் கலைக்கு ஒரு பேரிடர் உண்டு: கற்றவன் மறைந்தால் மெட்டும் மறையும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். இசைஞரும் அவர்களோடு போயினர்.

அந்தப் பஞ்ச காலத்திலே, 1848இல், கோர்க் மாவட்டத்திற் பிறந்தவர் பிரான்சிஸ் ஓநீல். இளமையிலேயே கடலோடியாகி, பின்னர் அமெரிக்காவிற் குடியேறி, 1901இல் சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவரானார். குழல் வாசிக்க வல்லவராயினும் இசைக்குறி எழுத அறியார். அவர் நினைவிலிருந்தும், அந்நகரிற் குடியேறிய ஐரிஷ் மக்களிடமிருந்தும் பெற்ற மெட்டுக்களை ஜேம்ஸ் ஓநீல் என்னும் மற்றொரு பொலிஸ்காரர் எழுதிவைத்தார். 1903இல் வெளியான அத்தொகுப்பில் 1,850 மெட்டுக்கள் உள. அவற்றுள் இரட்டை ஜிக் மட்டும் 415. திருடரைத் தேடும் தொழிலினர் மெட்டுக்களைத் தேடிப் பிடித்தது வேடிக்கையே.

தாயகத்தில் வேறொரு தடை வந்தது. பொது ஆடலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென 1935இல் சட்டம் இயற்றப்பட்டது. மதகுருமாரும் பொலிசாரும் அதனை வீட்டு ஆடல்களின் மீதும் செலுத்தவே, பல ஊர்களில் அடுப்பங்கரைக் கூத்துக்கள் ஓய்ந்தன. 1951இல் முலிங்கார் நகரிற் கூடிய இசைஞர் ஒரு சங்கம் அமைத்து ஆண்டுவிழாவும் தொடங்கினர். அச்சங்கத்தின் கிளைகளில் இன்றும் பிள்ளைகள் ஜிக் பயில்கின்றனர். ஓநீலின் நூல் அச்சில் இருந்தும், பெரும்பாலும் ஆசிரியர் வாசிக்கக் கேட்டே பயில்கின்றனர்.