கதவைத் தட்டிய இளையர்கள்

1974ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு இளையர் இருவர் மதுபோதையில் தெருத்தெருவாகச் சென்று கார் டயர்களைக் கத்தியால் கிழித்தனர், சன்னல்களை உடைத்தனர். ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் ஏற்பட்டது. பிடிபட்ட இருவரும் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

வழக்கமாக நீதிமன்றம் இத்தகையோருக்கு அபராதமோ சிறைத் தண்டனையோ விதிக்கும். அத்துடன் வழக்கு முடிந்துவிடும். ஆனால், பாதிக்கப்பட்டவர்களின் அச்சம் நீங்கிவிடுமா? “எங்கள் வீட்டை ஏன் தாக்கினார்கள்? மீண்டும் வருவார்களா?” என்ற கேள்விகளுக்கு யார் விடை சொல்வார்?

நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரியான மார்க் யான்ட்சியும் தொண்டு அமைப்பு ஒன்றில் பணியாற்றிய டேவ் வொர்த்தும் இதைப் பற்றிச் சிந்தித்தனர். குற்றம் செய்த இளையர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் பரிந்துரைத்தனர். முதலில் தயங்கிய நீதிபதி, பின்னர் அதற்கு இணங்கினார்.

இளையர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். தாங்கள் யார் என்பதையும் என்ன செய்தோம் என்பதையும் தங்கள் வாயாலேயே கூறினர். சிலர் கோபப்பட்டனர், சிலர் மன்னித்தனர். மொத்தச் சேதம் ஏறத்தாழ 2,200 டாலர் எனத் தெரியவந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதியைக் காப்புறுதி நிறுவனங்கள் ஈடுசெய்தன. மீதியை ஈடுகட்ட ஆளுக்கு 550 டாலர் வரை கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். சில மாதங்களில் இளையர்கள் மீண்டும் அதே கதவுகளைத் தட்டினர். இம்முறை அவர்கள் கையில் பணம் இருந்தது.

இவ்வாறு பாதிப்பைச் சரிசெய்வதையே முதன்மையான நோக்கமாகக் கொண்ட முறையைச் ‘சீரமைப்பு நீதி’ என்பர். “எந்தச் சட்டம் மீறப்பட்டது? என்ன தண்டனை?” என்பன வழக்கமான கேள்விகள். “யார் பாதிக்கப்பட்டார்? அவருக்கு என்ன தேவை? அதை யார் நிறைவேற்ற வேண்டும்?” என்பன சீரமைப்பு நீதி எழுப்பும் கேள்விகள். எல்மைரா நிகழ்வைத் தொடர்ந்து அவ்வட்டாரத்தில் இப்பணிக்கென்றே இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று உருவானது. இன்று பல நாடுகளில் இத்தகைய அமைப்புகள் அக்கம்பக்கச் சச்சரவுகளையும் இளையர் குற்றங்களையும் கையாண்டு வருகின்றன.

இந்த அமைப்புகளில் சமரசம் செய்பவர்களுள் பெரும்பாலோர் தொண்டூழியர்கள். அவர்கள் சம்பளம் பெறுவதில்லை. அப்படியானால் இப்பணிக்குச் செலவே இல்லை என்று நமக்குத் தோன்றலாம். உண்மை அதுவன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அடுத்த வீட்டு நாய் இரவெல்லாம் குரைப்பதாக ஒருவர் முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவது இரண்டு மணி நேரம்தான். அதற்கு முன்னர், அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு தரப்பினரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். சந்திப்பு அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்குமா என்று ஆராய வேண்டும். எவரையும் கட்டாயப்படுத்தாமல் சம்மதம் பெற வேண்டும். பொருத்தமான தொண்டூழியர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்திப்புக்குப் பிறகும், ஒப்புக்கொண்டபடி இரு தரப்பினரும் நடக்கின்றனரா என்று கேட்டறிய வேண்டும். இவ்வேலைகளைச் செய்யும் முழுநேர ஊழியரின் சம்பளம், தொண்டூழியர்களுக்கான பயிற்சி, அலுவலக வாடகை, தொலைபேசிக் கட்டணம் எனச் செலவுகள் நீள்கின்றன.

உதவி நாடி வருபவரிடம் அதிகக் கட்டணம் கேட்டால், வசதி குறைந்தவர்கள் வரமாட்டார்கள். ஒரு தரப்பினரிடம் மட்டும் பணம் பெற்றால், மற்றவருக்கு நடுவர்மீது நம்பிக்கை இருக்காது. ஆகவே, இத்தகைய அமைப்புகள் பணத்தை வேறு வழிகளில் திரட்டுகின்றன. அரசாங்க மானியம், அறநிறுவனங்களின் நிதி, குடியிருப்பாளர்களின் நன்கொடை, பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பயிற்சி நடத்திப் பெறும் கட்டணம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

ஒவ்வொரு வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. மானியம் தருவோர், ஆண்டுக்கு எத்தனை வழக்குகள் முடிந்தன என்று எண்ணிக்கையைக் கேட்கலாம். எண்ணிக்கைக்காக அவசரப்பட்டால், மனம்விட்டுப் பேசுவதற்கு நேரம் இருக்காது. அறநிறுவன நிதி பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே கிடைக்கும். அது முடிந்ததும் ஊழியரை வேலையில் வைத்திருப்பது கடினம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கம்பக்கச் சமரச அமைப்பு ஒன்று, தொடக்கத்தில் நீதிமன்றத்தைச் சார்ந்திராமல் அறநிறுவனங்களின் உதவியையே பெரிதும் நாடியது. அண்டை வீட்டார் தங்கள் சச்சரவைத் தாங்களே தீர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் நடுநிலைமையின் ஒரு பகுதிதான் என்பதை இதிலிருந்து அறியலாம்.

எனவேதான், நன்கு செயல்படும் அமைப்புகள் ஒரே வழியை நம்பியிருப்பதில்லை. பல வழிகளில் நிதி திரட்டி, வரவு செலவுக் கணக்கை வெளிப்படையாக மக்கள்முன் வைக்கின்றன. நேர்மையாகப் பேசுங்கள் என்று பிறரிடம் கேட்கும் அமைப்பு, தன் கணக்கிலும் நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

எல்மைராவில் கதவைத் தட்டிய இளையர்களுள் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்து படித்தார். அங்கு வகுப்பில் விளக்கப்பட்ட புகழ்பெற்ற வழக்கு தம்முடையதே என்பதை அறிந்து வியந்தார். பின்னர், அந்த வழக்கைத் தொடர்ந்து உருவான அமைப்பிலேயே தொண்டூழியராகச் சேர்ந்தார். அவர் அன்று உடைத்த சன்னல்களுக்கு ஒரு விலை இருந்தது. அதை அவர் கொடுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்கும் ஒரு விலை இருந்தது. அதை யான்ட்சியும் வொர்த்தும் தங்கள் நேரமாகவும் உழைப்பாகவும் கொடுத்திருந்தனர். அந்த வாய்ப்பு இன்னொருவருக்கும் கிடைக்க வேண்டுமானால், யாரேனும் நேரத்தையோ பணத்தையோ தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.