பிறவிக் கண்புரையும் அண்டைத் திசுக்களும்

கண்புரை என்றதும் முதியோரே நம் நினைவுக்கு வருவர். ஆனால், பிறக்கும்போதே கண்மணி வெளுத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. இரண்டும் ஒரே நோய், வயதுதான் வேறு என்று பலர் எண்ணுகின்றனர். விலங்கியல் வகுப்பில் கருவியல் பயின்றபோது எனக்குப் புலப்பட்டது வேறு. முதியவர் கண்ணில், நன்கு உருவான வில்லை பிற்காலத்தில் மங்குகிறது. குழந்தைக்கோ, பெரும்பாலும் கண் உருவாகும்போதே பிழை நேர்கிறது. ஆகவே வில்லையோடு அண்டைத் திசுக்களும் பழுதுபட்டிருக்கக்கூடும்.

கருவின் நான்காம் வாரத்தில் புறப்படை தடித்து, உட்குழிந்து, பின்னர் ஒரு குமிழியாகப் பிரிகிறது. அதுவே வில்லையாகிறது. அதற்கு உணவூட்ட, பார்வை நரம்பின் முனையிலிருந்து ஒரு நுண்ணிய தமனி வில்லையின் பின்புறம்வரை ஓடிவருகிறது. வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல, பிறப்பதற்குள் இத்தமனி தேய்ந்து மறையவேண்டும். சில குழந்தைகளுக்கு அது மறையாமல் ஒரு தண்டாக நின்றுவிடுகிறது. வில்லையின் பின்னுறையில் வெண்ணிறத் திசு படர்கிறது. சில கண்களில் விழித்திரையும் இழுபடுகிறது. பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே இக்கோளாறு காணப்படும். அக்கண் சற்றுச் சிறுத்தும் இருக்கும்.

ருபெல்லா அம்மையின் கதை வேறு. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரை கொண்ட 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் கருவுற்ற தொடக்கத்தில் இவ்வம்மை கண்டவர்கள். வைரஸ் வில்லைக்குள் புகுந்து, பிறந்து மூன்றாண்டுகள்வரைகூட அங்கே தங்கிவிடும். ஐரிஸ் தசை வளர்ச்சி குன்றுவதால் மருந்திட்டாலும் கண்மணி நன்கு விரியாது. விழித்திரையோ உப்பும் மிளகும் தூவியதுபோல் தோன்றும்.

அறுவை மருத்துவர் இத்தனையையும் எதிர்பார்த்தே கத்தியை எடுக்கவேண்டும். முதியவர்க்குப் பின்னுறையை அப்படியே விட்டுவைப்பர். குழந்தைக்கு விட்டால், எஞ்சிய செல்கள் விரைந்து பெருகி மீண்டும் மறைத்துவிடும்; ஆதலால் பின்னுறையிலும் ஒரு திறப்புச் செய்கின்றனர்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர், ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்தார் என்பது மரபு. “வயசு வரட்டும், சரியாப் போகும்” என்று எங்கள் ஊரார் சொல்லும்போது அந்த நம்பிக்கையின் சாயலே எனக்குக் கேட்கும். கண்ணுக்கு அத்தவணை கிடையாது. இளமையில் ஒளி காணாத கண்ணை மூளை புறக்கணித்துவிடுகிறது என்பதைப் பூனைக்குட்டிகளிடம் ஆராய்ந்து கண்ட ஹியூபல், வீசல் இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். அடர்ந்த புரை ஒரு கண்ணில் மட்டுமாயின் ஏறத்தாழ ஆறு வாரத்திலும், இரு கண்ணிலுமாயின் எட்டு முதல் பத்து வாரத்திற்குள்ளும் அறுவை செய்வது நலம் என்பர்.

செந்தூர் ரயிலில் ஏறினால் திருநெல்வேலி தொலைவன்று. அங்கே 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. அறுவைக்குப் பின்னும் கண்ணாடி வேண்டும்; கண்ணழுத்தம் பின்னாளில் உயரக்கூடுமாதலால் ஆண்டுதோறும் சோதனையும் வேண்டும். ருபெல்லாவைத் தடுக்கும் ஊசியோ, 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை ஊசியோடு சேர்த்துப் பெருமளவில் போடப்பட்டது.