கப்பல் வாடகையைப் பேசுவது யார்?
(நேரடி இறக்குமதியில் இறங்கும் மளிகை வியாபாரிகள் கவனத்திற்கு)



நம் சங்கத்து அன்பர்கள் சிலர் பட்டை, கிராம்பு, பேரீச்சம்பழம் போன்ற சரக்குகளை இப்போது நேரடியாக வெளிநாட்டிலிருந்தே தருவிக்கத் தொடங்கியுள்ளார்கள். மகிழ்ச்சி. ஆனால் சரக்கின் விலையில் காசு காசாகப் பேரம் பேசுகிறவர்கள், அது வந்து சேரும் வழியை மட்டும் விற்பவர் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி விட்டுப் பாடம் படித்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் கூட்டாக வியட்நாமிலிருந்து 3 டன் பட்டை வரவழைத்தேன். முழு கன்டெய்னருக்குச் சரக்குக் காணாது. பலர் சரக்கோடு சேர்த்து ஏற்றிய பங்கு கன்டெய்னர். விலை சி.ஐ.எஃப். சென்னை. அதாவது சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் வாடகை மூன்றும் சேர்த்து விற்பவர் சொன்ன விலை. வேலை மிச்சம் என்று நினைத்தோம். கப்பல் வந்த செய்தியே எங்களுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. டெலிவரி ஆர்டர் வாங்கப் போனால், அந்த ஊர் ஃபார்வர்டருடைய சென்னை ஏஜெண்ட் ஒரு பில்லை நீட்டினார். டாக்குமெண்ட் கட்டணம், கையாளும் கட்டணம், கன்டெய்னர் பிரிக்கும் கட்டணம் என்று வரிசையாக இருந்தது. கிலோவுக்குப் பதினோரு ரூபாய் அடக்கம் ஏறிவிட்டது. விற்றவரைக் கேட்டால், "அது உங்கள் துறைமுகச் செலவு, என் விலையில் சேராது" என்று பதில். சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

இதன் சூட்சுமம் பின்னால்தான் புரிந்தது. அங்குள்ள ஃபார்வர்டர், ஏற்றுமதி செய்பவரைப் பிடிப்பதற்காகக் கப்பல் வாடகையை அடிமாட்டு விலைக்குச் சொல்வார். சில சமயம் வாடகையே இல்லை என்பார். விட்டதை இங்குள்ள அவர் ஏஜெண்ட் நம்மிடம் வசூல் செய்துகொள்வார். டெலிவரி ஆர்டர் இல்லாமல் சரக்கு நகராது. வேறொருவரிடம் போய் வாங்கவும் முடியாது. பங்கு கன்டெய்னரில் வரும் சிறிய சரக்குகளில்தான் இது அதிகம். நம்மைப் போன்றவர்கள் வாங்குவதும் அந்த அளவுதான்.

ஆகவே இப்போது நான் எஃப்.ஓ.பி. விலைக்கே வாங்குகிறேன். அங்கே கப்பலில் ஏற்றுவது வரை விற்பவர் பொறுப்பு. அதற்குமேல் நம் ஊர்ப்பக்கத்து ஃபார்வர்டர் நமக்காக வாடகை பேசுகிறார். அவர் சொல்லும் வாடகை சில டாலர் கூடவே இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் ஆகும் செலவு அத்தனையையும் ரூபாயில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கூலி கொடுப்பவருக்குத்தானே ஆள் பதில் சொல்வான்?

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெளிநாட்டு ஃபார்வர்டருக்குத் தெரிந்த துறைமுகம் பெரும்பாலும் சென்னைதான். மதுரை, விருதுநகர், திருநெல்வேலி வியாபாரிக்குத் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கினால் லாரி வாடகை எவ்வளவு மிச்சம் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். தூத்துக்குடிக்கு வரும் கன்டெய்னர்களில் பல, கொழும்பில் இறங்கிச் சிறிய கப்பல் மாறி வருகின்றன. நம் சரக்கு கொழும்பில் கிடக்கிறதா, கப்பல் ஏறிவிட்டதா என்று நாள்தோறும் விசாரித்துச் சொல்ல இங்கே ஒருவர் வேண்டும்.

அந்தத் தேதி தெரிவது வெறும் ஆறுதலுக்காக அல்ல. 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்துவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாயும், பிறகு தினம் 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம். இது போக, துறைமுகத்தில் இடத்துக்கு டெமரேஜ். முழு கன்டெய்னர் எடுத்தவர்கள் பெட்டியைத் திருப்பித் தரும்வரை கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன். குட்ஸ் ஷெட்டில் வேகனுக்கு டெமரேஜ் கட்டிய நம் தலைமுறைக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை. இலவச நாட்கள் எத்தனை என்பதைப் புக்கிங் செய்யும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்; கப்பல் வந்தபின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

காகிதங்களையும் நல்ல ஃபார்வர்டர் கப்பல் புறப்படும் முன்பே நகல் வரவழைத்துப் பார்த்துவிடுவார். தாவரச் சுகாதாரச் சான்றில் சரக்கின் பெயர் ஒரு விதமாகவும் இன்வாய்ஸில் வேறு விதமாகவும் இருந்தால், அங்கேயே திருத்துவது ஒரு நாள் வேலை. இங்கு வந்தபின் திருத்துவதற்குள் வாடகை ஏறிக்கொண்டே போகும். பாக்கெட் சரக்கு தருவிப்பவர்கள் காலாவதித் தேதியைக் கவனியுங்கள். அனுமதி பெறும் நாளில் மொத்த ஆயுளில் 60 சதவீதமோ, காலாவதிக்கு மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவு மீதம் இருந்தாக வேண்டும். லேபிளில் இறக்குமதியாளர் பெயர், உணவு உரிம எண் போன்ற சில விடுபட்டால் சுங்க வளாகத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய வழியுண்டு. காலாவதி விஷயத்தில் அப்படி எந்த வழியும் கிடையாது. பில் ஆஃப் என்ட்ரியில் நம் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை வரவு எடுப்பது அதை வைத்துத்தான்.

எஃப்.ஓ.பி.யில் இன்சூரன்ஸ் நம் தலையில் விழுகிறதே என்பார்கள். அதுவும் நல்லதற்கே. சி.ஐ.எஃப்.பில் தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், விற்பவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த பாதுகாப்பு மட்டுமே. கப்பல் தீப்பிடித்தால், மூழ்கினால் பணம் வரும். கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்து பட்டை பூஞ்சணம் பிடித்தால் வராது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபார்வர்டர் வேறு, சுங்க புரோக்கர் வேறு. முன்னவர் கப்பலில் இடம் பிடிப்பவர். பின்னவர் சுங்க இலாகாவின் உரிமம் பெற்றுப் பில் ஆஃப் என்ட்ரி போடுபவர். பல கம்பெனிகள் இரண்டையும் செய்கின்றன. உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் தவறாக எழுதினாலும் வரிக்கும் அபராதத்துக்கும் சுங்க இலாகா முதலில் தேடிவருவது நம்மைத்தான்.

ஆண்டுக்கு இரண்டு மூட்டை கிராம்பு விற்கும் கடைக்காரருக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம்; மொத்தக் கடையில் வாங்குவதே அவருக்கு லாபம். நாலைந்து கடைக்காரர் சேர்ந்து வாங்குவதானால், யார் பெயரில் ஐ.இ. கோடு, யார் பெயரில் பில் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பட்டை விஷயத்தில் அதையும் பேசாமல் விட்டதால், வரி வரவு முழுவதும் நண்பர் கணக்கில் ஏறி, என் பங்கைச் சரிக்கட்ட ஒரு தீபாவளி கடந்துவிட்டது.