துணைக்கால் முக்காலான கதை!

பிரான்சிலிருந்து மாஸ்கோவில் இருந்த ஒரு மாணவருக்கு ஒருமுறை ஒரு தபால் போனது. அதன் மேல் எழுதியிருந்த முகவரியைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். ஆங்கில ‘ஐ’ எழுத்துக்கு மேல் சாய்ந்த கோடு, ‘ஓ’வுக்கு மேல் இன்னொரு கோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி... உலகத்தில் எந்த ஊரிலும் இப்படி ஒரு முகவரி கிடையாது!

நடந்தது என்ன தெரியுமா? அந்த மாணவரின் முகவரி, ரஷ்ய எழுத்தில் இ-மெயிலில் போயிருந்தது. பிரான்சில் இருந்தவரின் கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. அவர் என்ன செய்வார், பாவம்! திரையில் தெரிந்ததை ஒரு கோடு, ஒரு புள்ளி விடாமல் அப்படியே பார்த்து எழுதி, தபாலில் போட்டுவிட்டார்.

அந்தத் தபால் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது! ரஷ்யத் தபால் ஊழியர்கள், கிறுக்கலுக்குப் பக்கத்திலேயே சரியான ரஷ்ய எழுத்துகளைச் சிவப்பில் எழுதி, உரியவரிடம் சேர்த்துவிட்டார்கள். அந்த முகவரியின் படம் இன்டர்நெட்டில் மிகவும் பிரபலம்.

அவர்களால் எப்படி முடிந்தது? அது தெரிய வேண்டுமானால், முதலில் கம்ப்யூட்டரின் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்து தெரியாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு அ, ஆ, இ, ஈ எதுவும் தெரியாது. ஏ, பி, சி, டி கூடத் தெரியாது! அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். நீங்கள் பெரிய ‘ஏ’ எழுத்தைத் தட்டினால், அது 65 என்று எழுதி வைத்துக்கொள்ளும். திரும்பக் காட்டும்போது, ‘65 என்றால் என்ன?’ என்று ஓர் அட்டவணையைப் பார்த்து, ‘ஏ’ எழுத்தை வரைந்து காட்டும்.

இ-மெயிலில் போவதும் எண்கள்தான். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே அட்டவணையை வைத்திருந்தால் கடிதம் சரியாகத் தெரியும். வேறு வேறு அட்டவணை என்றால்? எண்கள் சரியாகவே வந்து சேரும். எழுத்துகள்தான் கிறுக்கலாகிவிடும்!

மாஸ்கோ முகவரிக்கு நேர்ந்ததும் இதுதான். அனுப்பியது ரஷ்ய அட்டவணை. படித்துக் காட்டியது மேற்கு ஐரோப்பிய அட்டவணை. ரஷ்ய அட்டவணையில் 215 என்பது ஓர் எழுத்து. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் அதே 215 பெருக்கல் குறி! ஊர் பெயருக்கு நடுவில் பெருக்கல் குறி வந்தது இப்படித்தான்.

ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஒரே ரஷ்ய எழுத்து எத்தனை முறை வந்தாலும், அதே கிறுக்கலாகத்தான் வரும். 0 முதல் 9 வரையுள்ள எண்கள் இரண்டு அட்டவணைகளிலும் ஒன்றுதான். அதனால் பின்கோடும் கதவு எண்ணும் மாறவே மாறாது. அப்புறம் என்ன? இதழ்களில் வரும் ரகசிய எழுத்துப் புதிர் மாதிரிதான். பொறுமையாக உட்கார்ந்தால் விடுவித்துவிடலாம்!

128 நாற்காலிகள்

இத்தனை அட்டவணைகள் எப்படி வந்தன?

1963ல் அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்ற அட்டவணையை உருவாக்கினார்கள். அதில் 0 முதல் 127 வரை, மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண்கள், புள்ளி, கமா எல்லாம் அதில் உட்கார்ந்துகொண்டன. 1971ல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதல் இ-மெயிலை அனுப்பினார். இ-மெயில் முகவரியின் நடுவில் சுழியாக ஒரு குறி வருகிறதே, அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அப்போது ஆங்கிலத்துக்கு அந்த 128 இடங்களே போதும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்வது? கம்ப்யூட்டரில் 128 முதல் 255 வரை இன்னொரு 128 இடம் காலியாக இருந்தது. ஒவ்வொரு நாடும் அந்த நாற்காலிகளில் தங்கள் எழுத்துகளை உட்கார வைத்தது. பிரான்சில் 224வது நாற்காலியில் ஒருவர், ரஷ்யாவில் அதே நாற்காலியில் வேறொருவர். குழப்பம் ஆரம்பமானது இங்கேதான்!

ரஷ்யர்களின் தந்திரம்

இன்னொரு தொல்லையும் இருந்தது. 1982ல் எழுதப்பட்ட இ-மெயில் விதிகள், 127 வரையுள்ள எண்களை மட்டுமே அனுமதித்தன. வழியில் உள்ள சில பழைய கம்ப்யூட்டர்கள், அதற்கு மேற்பட்ட எண் வந்தால் 128ஐக் கழித்துவிட்டுத்தான் அடுத்த கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 237 என்று போனது 109 ஆகப் போய்ச் சேரும். எழுத்து போச்சு!

இதற்கு ரஷ்யாவின் ‘கோய்-8’ அட்டவணையில் ஓர் அழகான தந்திரம் இருந்தது. 128ஐக் கழித்தால், அதே ஓசையுள்ள ஆங்கில எழுத்து வருகிற மாதிரி எழுத்துகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். ரஷ்ய மொழியில் மாஸ்கோவுக்கு ‘மஸ்க்வா’ என்று பெயர். அந்தப் பெயர் வழியில் அடிபட்டால், சின்ன எம், பெரிய ஓ, எஸ், கே, டபிள்யூ, ஏ என்று வந்து சேரும். பெரிய எழுத்து சின்னதாகவும், சின்ன எழுத்து பெரியதாகவும் மாறியிருக்கும். ஆனாலும் படித்துவிடலாமே! விழுந்தாலும் உடையாத பாத்திரம் மாதிரி, அடிபட்டாலும் படிக்க முடிகிற எழுத்து!

எழுத்துப் பேய்

இந்தக் கிறுக்கல் தொல்லை உலகம் முழுவதும் இருந்தது. அதனால் பல நாடுகளில் அதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. ஜப்பானியர்கள் ‘மொஜிபாகே’ என்பார்கள். ‘மொஜி’ என்றால் எழுத்து. ‘பாகே’ என்றால் உருமாறுவது. உருமாறும் பேய்க்கும் அங்கே இதே சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. ஜெர்மானியர்கள் இதை ‘எழுத்து சாலட்’ என்று கேலி செய்வார்கள். வெள்ளரி, தக்காளியை வெட்டிக் கலக்கிய மாதிரியாம்!

1992ல் நதானியேல் போரன்ஸ்டீன், நெட் பிரீட் என்ற இருவர் ‘மைம்’ என்ற விதியை எழுதினார்கள். அதன்படி, ‘இந்தக் கடிதத்தை இன்ன அட்டவணையைப் பார்த்துப் படிக்கவும்’ என்று இ-மெயிலின் தலைப்பகுதியிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடலாம். பெரிய எண்களை, வழியில் சேதமாகாத ஆங்கில எழுத்துகளாக மாற்றிக் கட்டி அனுப்பவும் அது வழி சொன்னது. இ-மெயிலோடு படமும் பாட்டும் இணைத்து அனுப்புகிறோமே, அதுவும் இவர்கள் புண்ணியம்தான்.

தமிழ் பட்ட பாடு

சரி, நம் தமிழ்? 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. நீங்கள் ஓர் எழுத்துருவில் கடிதம் அனுப்பினால், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவிடமும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிறுக்கல்தான். ‘எதற்கு வம்பு?’ என்று பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினார்கள்.

பல நாடுகளில் இருந்த தமிழர்கள் இ-மெயிலிலேயே பேசிப் பேசி, ‘திஸ்கி’ என்ற பொது அட்டவணையை உருவாக்கினார்கள். 1999ல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டி, தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற அட்டவணைகளை அறிவித்தது. ஒன்று போதும் என்று தேடப்போய், பல பொது அட்டவணைகள் ஆகிவிட்டன!

ஒரே பெரிய அட்டவணை

இதற்கெல்லாம் முடிவு கட்ட வந்ததுதான் யூனிகோடு. எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே அட்டவணை! 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழும் இருந்தது. அதில் நம் ‘அ’வின் எண் 2949. அந்த எண் வேறு எந்த மொழி எழுத்துக்கும் கிடையாது. இன்று அந்த அட்டவணையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் உள்ளன.

ஆனால் கம்ப்யூட்டர் ஒரு ‘பைட்’டில் 255 வரைதான் எழுத முடியும். 2949ஐ எப்படி எழுதுவது? 1992 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் கென் தாம்சன், ராப் பைக் இருவரும் சாப்பிடப் போனார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளிலேயே இதற்கு ஒரு வழியை எழுதிவிட்டார்கள். அதுதான் ‘யூ.டி.எப்.-8’. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133 ஆகிவிடும். இன்று பெரும்பாலான இ-மெயில்கள் இந்த முறையில்தான் போகின்றன.

‘அம்மா’வுக்கு என்ன ஆச்சு?

இனி தலைப்புக்கு வருவோம். ‘அம்மா’ என்று தட்டினால் கம்ப்யூட்டர் அதை ஐந்து துண்டாக வைக்கும்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். துண்டுக்கு மூன்று எண் என்றால், மொத்தம் 15 எண்கள்.

இதைப் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் படித்தால்? 224 என்றால் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’. 174 என்றால் வட்டத்துக்குள் ‘ஆர்’. 133 என்றால் மூன்று புள்ளி. துணைக்காலின் கடைசி எண் 190. அந்த அட்டவணையில் 190 என்ன தெரியுமா? முக்கால்! ஆமாம், கணக்கில் மூன்றின் கீழ் நான்கு என்று எழுதுவோமே, அதே முக்கால்தான். துணைக்கால் முக்காலாகிவிட்டது!

நீங்களே டாக்டர்!

இனி உங்களுக்கோ, வீட்டில் பெரியவர்களுக்கோ கிறுக்கல் கடிதம் வந்தால், உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் நோய் என்னவென்று பாருங்கள்.

* வரிசையாகக் கட்டங்கள் தெரிகிறதா? கடிதம் நலம். அந்த எழுத்தை வரைந்து காட்டும் எழுத்துருதான் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை.

* சாய்கோடு ‘ஏ’யும் வட்ட ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வருகிறதா? அது தமிழ்க் கடிதமாக இருக்கலாம்! படித்துக் காட்டிய அட்டவணைதான் தப்பு. எண்கள் சேதமாகாமல் இருந்தால், ‘யூ.டி.எப்.-8’ என்று மாற்றியதும் தமிழ் வந்துவிடும்.

* வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிகிறதா? இதுதான் ஆபத்து. தமிழே இல்லாத அட்டவணைக்கு மாற்றும்போது, வழியில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் 63 என்று போட்டுவிட்டது. 63 என்றால் கேள்விக்குறி. எல்லா எழுத்தும் ஒரே எண்ணாகிவிட்டால், எது ‘அ’, எது ‘ம’ என்று யாராலும் சொல்ல முடியாது. மாஸ்கோ தபால்காரர்கள் வந்தாலும் முடியாது! அனுப்பியவரிடம் சொல்லி, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.

கணக்குப் போடுங்கள்!

தமிழ் எழுத்தின் யூனிகோடு எண்ணை மூன்று எண்ணாக மாற்றும் வித்தை இதோ. 2949ஐ 64ஆல் வகுங்கள். ஈவு 46, மீதி 5. இரண்டோடும் 128ஐக் கூட்டுங்கள்: 174, 133. முன்னால் 224ஐப் போடுங்கள். அவ்வளவுதான், ‘அ’ வந்துவிட்டது!

‘ம’வின் எண் 2990. அதன் மூன்று எண்கள் என்ன? விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள், பார்க்கலாம்!

(விடை: 224, 174, 174)