வில் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் தோளைக் கேளுங்கள்!

"பெரியப்பா, இந்த வில்லைப் பாருங்க!"

என் தம்பி மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அமெரிக்காவில் ஒரு கைவினைஞர் தம் பட்டறையில் செய்த வில் அது. கைப்பிடியில் கருஞ்சிவப்பு மரம். அதன் நடுவே தந்தம் போல வெள்ளை மரக் கோடுகள். இரண்டு முனைகளும் படமெடுத்த பாம்பு போல முன்பக்கம் வளைந்து நின்றன. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு, வாங்கிக்கோ" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆன பையன். போனஸ் பணத்தை அப்படியே அனுப்பி வைத்தான். எட்டு மாதம் காத்திருந்த பிறகு வில் வந்து சேர்ந்தது. ஆனால், அதை அவனால் முழுதாக இழுக்க முடியவில்லை!

55 இராத்தல் வில். பல்லைக் கடித்து, முதுகை வளைத்து இழுப்பான். குறி பார்ப்பதற்குள் கை நடுங்கி, அம்பு தானாகவே ஓடிவிடும். ஒரே மாதத்தில் வலது தோளில் வலி பிடித்துக்கொண்டது. சட்டை மாட்டக்கூட கையைத் தூக்க முடியாமல் தவித்தான். பல வாரங்கள் வில்லையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வில் செய்தவர் மீது குற்றமில்லை. கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தார். கேட்டவனுக்குத் தன் அளவு தெரியவில்லை. பல ஆண்டுகளாக ஞாயிறு தோறும் திடலில் வில் பிடிக்கும் நானோ, கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. "எத்தனை இராத்தல்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்போது அவன் தங்கையும் வில் கேட்கிறாள். இந்த முறை அவளை உட்கார வைத்துச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கலாம் அல்லவா?

வளைவில் என்ன இருக்கிறது?

வில் நமக்குப் புதிதல்ல. சேரனின் கொடியில் இருந்தது வில். கொல்லிமலையை ஆண்டவனுக்கு வல்வில் ஓரி என்றே பெயர். ஆனால் இன்று கடைகளிலும் பட்டறைகளிலும் 'ரிகர்வ்' என்று விற்கப்படும் வளைமுனை வில்லுக்குத் தனிக் கதை உண்டு.

இந்த வில்லின் முனைகள், எய்பவரை விட்டு விலகி முன்னோக்கி வளைந்திருக்கும். அதனால் அதே நீளமுள்ள நேரான வில்லைவிட இது அதிகச் சக்தியைச் சேர்த்து வைக்கும். குதிரை மேலிருந்து எய்த ஆசிய மக்களுக்குக் குட்டையான, ஆனால் வலுவான வில் தேவைப்பட்டது. மரத்தின் உட்புறம் எருமைக் கொம்பையும், வெளிப்புறம் விலங்கின் தசைநாரையும் ஒட்டி அப்படிப்பட்ட வில்லைச் செய்தார்கள். கொம்பு அழுத்தத்தைத் தாங்கும். நார் இழுப்பைத் தாங்கும். கொரியாவில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். அந்த வில்லுக்கு மீனின் காற்றுப் பையிலிருந்து காய்ச்சிய பசைதான் ஒட்டு. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும். ஆகவே வில்லை இளஞ்சூடான பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள்.

கொரியாவிலேயே அப்படியென்றால், மாலையானால் மழை கொட்டும் நம் ஊரில் என்ன ஆகும்? கொம்பு வில் அழகுதான். ஆனால் கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வில்லாக அது வேண்டாம்.

நமக்கு ஏற்றது, மெல்லிய மரத் தகடுகளின் இரு பக்கமும் கண்ணாடியிழை ஒட்டிய வில். கொம்பும் நாரும் செய்த வேலையை அந்த இழையே செய்துவிடும். ஈரத்துக்கும் எளிதில் அசையாது. இவ்வகை வில்லைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிரெட் பேர். 1902-ல் பிறந்து 1988-ல் மறைந்த அவர், மிச்சிகன் மாநிலத்தில் தொழிற்சாலை வைத்து வில் செய்தவர். இன்று தனிப் பட்டறைகளில் கையால் செய்யப்படும் வளைமுனை வில்களில் பெரும்பாலானவை இந்த மரம்-கண்ணாடியிழைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எத்தனை இராத்தல்?

வில்லின் மீது '40 # 28' என்பது போல எழுதியிருப்பார்கள். நாணை 28 அங்குலம் இழுத்தால் விரல்களில் 40 இராத்தல், அதாவது 40 பவுண்டு பாரம் என்று அதற்குப் பொருள். எல்லாரும் 28 அங்குலம் இழுப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. சுவரில் முதுகை ஒட்டி நின்று இரு கைகளையும் விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுங்கள். வருவது ஏறக்குறைய உங்கள் இழுப்பளவு. என் தம்பி மகளுக்கு 65 அங்குலம் வந்தது, வகுத்தால் 26. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று இராத்தல் குறையும். 30 இராத்தல் என்று எழுதிய வில் அவள் கையில் 25-ஐ ஒட்டியே இருக்கும்.

புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 25 முதல் 30, பெண்களுக்கும் இளையோருக்கும் 20 முதல் 25 இராத்தல் போதும். "இவ்வளவு லேசா? சிரிக்க மாட்டாங்களா பெரியப்பா?" என்று அவள் கேட்டாள். சிரிக்கட்டுமே! ஒலிம்பிக்கில் எய்யும் ஆடவர்களில் பலர் பிடிப்பதே 45 முதல் 50 இராத்தல் வில்தான். 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் நம் நாட்டுக்காக எய்த கைருல் அனுவார் முகமட் போன்றவர்கள் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே அந்த இடத்தில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வில் எடுக்கும் பையனுக்கு 55 எதற்கு?

ஒரு சோதனை சொல்கிறேன். நாணை முழுதாக இழுத்துப் பத்து நொடி நிறுத்துங்கள். நடுங்காமல் நின்றால் அது உங்கள் வில். இழுப்பதற்காக வில்லை வானம் பார்க்கத் தூக்கினால், அது வேறு யாருடைய வில்லோ!

ஒரே கட்டையா? மூன்று துண்டா?

கையால் செய்த வில்களில் பெரிய பிரிவு இதுதான்.

ஒரே கட்டை வில், நுனி முதல் நுனி வரை ஒன்றாகச் செய்தது. கனம் குறைவு, சத்தம் குறைவு, பார்க்க மிக அழகு. ஆனால் அதன் பாரத்தை மாற்ற முடியாது. ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டால் முழு வில்லும் போச்சு.

மூன்று துண்டு வில்லை 'டேக்டவுன்' என்பார்கள். கைப்பிடி தனி, மேலும் கீழுமுள்ள வளைபாகங்கள் தனி. திருகாணியால் பூட்டிக்கொள்ளலாம். இன்று 25 இராத்தல் வளைபாகங்களைப் பூட்டி எய்யலாம். அடுத்த ஆண்டு தோள் பழகியதும் 30, பிறகு 35 என்று அந்த இரு துண்டுகளை மட்டும் மாற்றலாம். பேருந்தில் போகும் பிள்ளைக்குப் பைக்குள் அடங்கும் வசதியும் உண்டு. கைப்பிடி சற்றுக் கனமாக இருப்பதால் கையும் ஆடாது.

என் முடிவு இதுதான்: முதல் வில் மூன்று துண்டாக இருக்கட்டும். உங்கள் பாரமும் இழுப்பளவும் இரண்டு மூன்று ஆண்டுகள் மாறாமல் நின்ற பிறகு, அந்த அளவுக்கு ஒரே கட்டை வில் செய்யச் சொல்லுங்கள். அப்போது அது வாழ்நாள் வில்லாக இருக்கும்.

நீளமும் பிடியும்

குட்டை வில் காட்டுக்குள் நடக்க வசதி. ஆனால் முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையாக மடிந்து விரலை நெருக்கும்; கடைசி அங்குலத்தில் பாரமும் திடீரென்று ஏறும். திடலில் எய்ய 62 முதல் 66 அங்குல வில் இதமாக இருக்கும். கை நீளமானவர்கள் 66-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தன் கைக்குப் பழகிய கத்தியை விட்டு இன்னொருவர் கத்தியைத் தொட விரும்பமாட்டார்கள். வில்லின் பிடியும் அப்படித்தான். கையால் செய்த வில்லின் உண்மையான லாபமே இங்குதான் இருக்கிறது. வெள்ளைத் தாளில் உள்ளங்கையை வைத்து வரைந்து அனுப்பினால், அதற்கேற்பப் பிடியைச் செதுக்கித் தரும் கைவினைஞர்கள் உண்டு.

இடது கை வில்லா, வலது கை வில்லா என்பதைக் கண்ணும் தீர்மானிக்கிறது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோணம் அமைத்து, தூரத்துப் பொருளை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் நிற்கிறதோ, அதுவே ஆளும் கண். வலக்கண் ஆண்டால், வலக்கையால் நாண் இழுக்கும் வில்லே பொதுவாக ஏற்றது.

பணம் அனுப்பும் முன்

செய்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். பாரத்தை 28 அங்குலத்தில் அளப்பாரா, என் இழுப்பளவில் அளப்பாரா? நீளாத புதுவகை நாணைத் தாங்கும்படி முனைகள் வலுப்படுத்தப்பட்டுள்ளனவா, அல்லது டேக்ரான் நாண்தான் போட வேண்டுமா? எவ்வளவு லேசான அம்பு வரை எய்யலாம்? வளைபாகம் முறுக்கினால் மாற்றித் தருவாரா? எப்போது அனுப்புவார்? வில்லை வரவழைப்பதற்கான விதிமுறைகளை உங்கள் ஊர்ச் சங்கத்திலும் சுங்க இலாகாவிலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கையால் செய்த வில் ஒன்றுக்குப் பல நூறு அமெரிக்க டாலர், சில வேளை ஆயிரத்துக்கும் மேலே ஆகும். அவ்வளவு பணம் போடுமுன், சங்கத்து வில்லில் ஆறு மாதம் எய்து பாருங்கள். அதில் தெரியும் உங்கள் அளவு.

வந்த பிறகு

நாணேற்ற, அதற்கென்று உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். வில்லைக் கால்களுக்கிடையே கொடுத்து வளைத்தால் முறுக்கிக்கொள்ளும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அதைப் பிளந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை வைக்காதீர்கள். அங்கே சூடு 60 டிகிரியைத் தாண்டும், ஒட்டு விட்டுப்போகும். மூலையில் சாய்த்து வைக்காமல், இரண்டு ஆணியில் படுக்கையாக மாட்டுங்கள்.

என் தம்பி மகள் 25 இராத்தல் மூன்று துண்டு வில்லுக்குச் சொல்லியிருக்கிறாள். சாதாரண மரம், அலங்காரம் எதுவும் இல்லை. வரும் வரை சங்கத்து வில்லில் எய்கிறாள்.

அவள் அண்ணனும் இப்போது திடலுக்கு வருகிறான். தோள் குணமாகிவிட்டது. அவன் கையிலும் சங்கத்தின் பழைய வில்தான், 28 இராத்தல். அந்த அழகு வில் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. "விற்றுவிடேன்" என்றேன்.

"வேணாம் பெரியப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவசரப்படக் கூடாதுன்னு ஞாபகம் வருது" என்றான்.

போனஸ் பணம் கொடுத்து அவன் வாங்கிய பாடம் அது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தே பெற்றுக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பிடித்த வில்லை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தோளுக்குப் பிடித்த வில்லை முதலில் வாங்குங்கள்.