ஃபில்லர் முதலா, த்ரெட் லிஃப்ட் முதலா? நடுவில் எத்தனை வாரம் இடைவெளி வேணும்?

முகூர்த்த மாசம் நெருங்கினாலே ஸ்கின் கிளினிக் விளம்பரங்கள் போனில் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். "ஃபில்லரும் த்ரெட் லிஃப்ட்டும் ஒரே பேக்கேஜில், ஒரே நாளில்" என்கிற ரகத்து ஆஃபர்களும் அதில் உண்டு. லீவ் ஒரு நாள் போதும், செலவும் குறையும் என்று கேட்கவே வசதியாக இருக்கும். ஆனால் ஒன்று முகத்துக்குள் ஜெல்லை நிரப்பும் வேலை, இன்னொன்று நூல் விட்டு தோலைத் தூக்கும் வேலை. இரண்டும் ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நாட்களும் வேறு. எது முதலில், எத்தனை வாரம் கழித்து அடுத்தது என்பதில் அவசரப்பட்டால் காசு வீணாவதோடு போகாது, முகத்தில் கட்டி, தொற்று என்று மாசக்கணக்கில் அலையவும் வேண்டிவரலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பார்லரில் புருவத்துக்குச் செய்கிற த்ரெட்டிங்குக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. த்ரெட் லிஃப்ட் என்பது மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலுக்கு அடியில் மருத்துவ நூலைச் செலுத்துகிற சிகிச்சை.

இரண்டும் உள்ளே போய் என்ன செய்கிறது?

ஃபில்லரில் அதிகம் பயன்படுவது ஹைலூரானிக் அமில ஜெல். இந்த ஹைலூரானிக் அமிலம் நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான். சிரிஞ்சில் வருவது சீக்கிரம் கரைந்துவிடாதபடி கெட்டியாக்கப்பட்ட வடிவம். வயசாக ஆக கன்னத்தில் கொழுப்பு குறையும், எலும்பும் கொஞ்சம் தேயும், கண்ணுக்குக் கீழே பள்ளம் விழும். அந்தக் காலி இடத்தை இந்த ஜெல் நிரப்புகிறது. ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மில்லி மட்டுமே இருக்கும், அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் இது தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள். அதனால் போட்ட முதல் 2, 3 நாட்கள் முகம் உப்பலாகத் தெரியும். வீக்கம் வடிந்து ஜெல் தன் இடத்தில் அமர சுமார் 2 வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி கண்ணாடியில் தெரிவது உண்மையான ரிசல்ட் இல்லை.

த்ரெட் லிஃப்ட்டில் பரவலாகப் பயன்படுவது பி.டி.ஓ எனப்படும் பாலிடையாக்சனோன் நூல். ஆபரேஷன் தையலுக்கு 1980களிலிருந்தே பயன்படுகிற, தானாகக் கரையும் நூல்தான் இது. முகத்தைத் தூக்க இது பிரபலமானதில் தென்கொரிய கிளினிக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்குவதற்கான நூலில் மீன் முள் மாதிரி சின்னச் சின்ன கொக்கிகள் இருக்கும். அவை தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசுவைப் பிடித்து மேலே இழுத்து நிறுத்தும். நூலைச் சுற்றி உடம்பு புது கொலாஜனை உருவாக்கும். சுமார் 6 மாதத்தில் நூல் கரைந்துபோனாலும், இந்தப் பிடிப்பால் பலன் ஒரு வருடம் வரை நிற்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறும்.

இதில் கவனிக்க வேண்டியது முதல் 2, 3 வாரம். அந்தக் காலத்தில் நூலைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன கொக்கிகள் மட்டும்தான். சுற்றியிருக்கும் திசு இன்னும் ஆறியிருக்காது. அழுத்தித் தேய்த்தாலோ, வாயை ரொம்ப அகலமாகத் திறந்தாலோ பிடி நழுவலாம்.

அப்போ எது முதல்ல?

பெரும்பாலான டாக்டர்கள் சொல்லும் வரிசை, முதலில் த்ரெட் லிஃப்ட், அப்புறம் ஃபில்லர். நடுவில் 2 முதல் 4 வாரம். வீக்கம் அதிகம் வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் சொல்வதுண்டு.

தொளதொளவென்று இருக்கிற ஒரு தலையணையை நினைத்துப் பாருங்கள். உறையை முதலில் பிடித்துத் தைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு பஞ்சு பத்தலை என்று சரியாகத் தெரியும். தைக்காமலே பஞ்சை அடைத்தால், உறை நிமிர்வதற்கே பாதிப் பஞ்சு போய்விடும். முகமும் கிட்டத்தட்ட இப்படித்தான். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோடு பல பேருக்குக் கன்னம் கீழே இறங்கியதால் ஆழமாகத் தெரிகிறது. கன்னத்தைத் தூக்கினாலே அந்தக் கோடு ஓரளவு மங்கும். அதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்கும் பள்ளத்துக்கு மட்டும் ஃபில்லர் போட்டால் போதும். வரிசையை மாற்றினால், தூக்கவேண்டிய இடத்தை நிரப்பியே சரிசெய்யப் பார்ப்பதில் ஃபில்லர் கூடிக்கொண்டே போகும். சிலருக்கு முகம் ஊதிய மாதிரி ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் தனித்தனியாகப் பில் போடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

த்ரெட் போட்ட கையோடு ஏன் ஃபில்லர் போடக்கூடாது? த்ரெட் போட்டதுமே முகத்தில் வீக்கமும் ரத்தக்கட்டும் வரும். அந்த வீக்கத்தை வைத்துக்கொண்டு எங்கே பள்ளம், எவ்வளவு ஜெல் தேவை என்று கணக்குப் போட முடியாது. அது மட்டுமில்லை, ஃபில்லர் போட்ட பிறகு டாக்டர் விரலால் அழுத்தி ஜெல்லைச் சமப்படுத்துவது வழக்கம். புதுசாகப் போட்ட நூல் மேல் அந்த அழுத்தம் பட்டால் கொக்கி விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

ஏற்கனவே ஃபில்லர் போட்டாச்சு, இப்போ என்ன செய்ய?

நிறைய பேர் இந்த நிலைமையில்தான் இருப்பார்கள். பதற வேண்டியதில்லை. ஜெல் முழுசாக அமர குறைந்தது 2 வாரம், பல டாக்டர்கள் கணக்கில் 4 வாரம் கழித்து த்ரெட் லிஃப்ட் செய்துகொள்ளலாம். அதற்குள் நூலைச் செலுத்தினால், ஊசி போகிற வழியில் ஜெல் நகர்ந்து ஒரு பக்கம் திரளலாம். இன்னொரு ரிஸ்க் தொற்று. தோல் மேல் இருக்கும் கிருமி நூலோடு சேர்ந்து ஜெல் இருக்கும் இடத்துக்குள் போனால், அங்கே ஒட்டிக்கொண்டு படலமாக வளரும். மாத்திரை சாப்பிட்டாலும் முழுசாகப் போகாமல், வாரங்கள் கழித்துக் கட்டியாக வெளியே தெரியும் ரகம் இது. அடிக்கடி வருவதில்லைதான், ஆனால் வந்துவிட்டால் லேசில் விடாது.

"நான் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, எல்லாம் கரைஞ்சிருக்கும்" என்று நினைத்து, பழைய ஃபில்லரைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்களும் உண்டு. பொதுவாக 6 முதல் 18 மாதம் என்று சொன்னாலும், பல வருடம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ ஸ்கேனிலும் ஜெல் மிச்சம் இருந்தது பதிவாகியிருக்கிறது. வெளியே பலன் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் ஜெல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும்.

ஃபில்லரின் வகையும் முக்கியம். ஹைலூரானிக் அமிலமாக இருந்தால், பிடிக்கவில்லை என்றாலோ பிரச்னை வந்தாலோ ஹயாலுரோனிடேஸ் என்ற ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட், பாலி எல் லாக்டிக் அமிலம் போன்றவற்றுக்கு அப்படி ஒரு கரைக்கும் மருந்து கிடையாது. மேலும் பாலி எல் லாக்டிக் அமிலம் உடனே நிரப்பாது. கொலாஜனைத் தூண்டி மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். அதைப் போட்டவர்களுக்கு '2 வாரம்' கணக்கு பொருந்தாது, டாக்டர்தான் தனியாகத் தேதி சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் ரெண்டும் செய்பவர்கள் இருக்காங்களே?

இருக்கிறார்கள். அதை மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. தாடையில் நூல், உதட்டில் ஃபில்லர் என்று இடம் வேறு வேறாக இருந்தால் ஒன்று இன்னொன்றைத் தொடாது. ஒரே கன்னமாக இருந்தாலும், ஜெல்லை எலும்பை ஒட்டி ஆழத்தில் வைத்து, நூலை அதற்கு மேலே உள்ள அடுக்கில் விடுகிற அனுபவசாலி டாக்டர்களும் உண்டு. முகத்தின் அடுக்குகளும் ரத்தக் குழாய்களும் அத்துப்படியானவர்கள் யோசித்து எடுக்கிற முடிவு அது. ஆஃபர் முடிவதற்குள் செய்துவிடலாம் என்பதற்காக எடுக்கிற முடிவு வேறு. முகத்தைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப் போட்டோவை வைத்தே 'ரெண்டையும் சேர்த்துப் போட்டுடலாம்' என்று சொல்லும் இடத்தில் அட்வான்ஸ் கட்டாமல் இருப்பதே நல்லது.

கல்யாணத் தேதியிலிருந்து பின்னாடி எண்ணுங்க

ரிசப்ஷன் மேடைக்காகத்தான் இதெல்லாம் என்றால், த்ரெட் லிஃப்ட்டை குறைந்தது 2 முதல் 3 மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். சிலருக்கு நூல் போன இடத்தில் தோல் லேசாகச் சுருங்கிக் குழி விழும். பெரும்பாலும் அது தானாகச் சரியாகிவிடும், ஆனால் சில வாரம் ஆகலாம். நம்ம ஊர் மாநிறத் தோலில் நூல் நுழைந்த புள்ளி கறுத்துப்போவதும் உண்டு, வெயில் பட்டால் இன்னும் அதிகம். ஃபில்லரை 4 முதல் 6 வாரம் முன்னாடி போட்டால், 2 வாரம் கழித்துப் பார்த்து, ஏதாவது குறை இருந்தால் திருத்தவும் நேரம் இருக்கும். கடைசி 2 வாரம் புதுசாக எதையும் முயற்சி செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு.

த்ரெட் போட்ட பிறகு சுமார் ஒரு மாதம் ஃபேஷியல் மசாஜ் கூடாது. முதல் 2 வாரம் முறுக்கு, கரும்பு போன்றவற்றைக் கடித்து மெல்வதையும், குப்புறப் படுப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். நலங்கு அன்றைக்கு சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கன்னத்தில் மஞ்சளும் சந்தனமும் தேய்ப்பார்களே, அதையும் கணக்கில் வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும். டூவீலர் ஓட்டுபவர்கள் கன்னத்தை இறுக்கும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுக்காக ஹெல்மெட் இல்லாமல் போவது தீர்வு இல்லை, சில நாள் பஸ்ஸோ ஆட்டோவோதான்.

பல் டாக்டரிடம் போகிற வேலை இருந்தால் அதை முன்கூட்டியே முடித்துவிடலாம். பல் சுத்தம் செய்யும்போதும் சிகிச்சையின்போதும் வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டு, நீண்ட நேரம் வாயைத் திறந்து வைக்கவும் வேண்டும். அதனால் முன்னும் பின்னும் 2 வாரம் இடைவெளி விடுவது வழக்கம். காய்ச்சல், சளி இருக்கும்போதும் தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது. உடம்பின் எதிர்ப்பு சக்தி உசுப்பப்படும்போது ஃபில்லர் இருக்கும் இடம் வீங்குவது உண்டு. 2020 டிசம்பரில் மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வு விவரம் வெளியானபோது, முன்பு ஃபில்லர் போட்டிருந்த ஒரு சிலருக்கு முகத்தில் வீக்கம் வந்தது அதில் பதிவாகியிருந்தது. அது பிறகு சரியாகிவிட்டது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய டாக்டரிடம் கேட்காமல் அழகுக்காக அதை நிறுத்துவது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இரண்டு சிகிச்சையையுமே பொதுவாகத் தவிர்ப்பார்கள். தழும்பு தடித்து வளரும் உடம்புவாகு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த வலியை அலட்சியம் பண்ணக்கூடாது?

வீக்கம், லேசான வலி, ரத்தக்கட்டு எல்லாம் எதிர்பார்க்கிற விஷயம். ஃபில்லர் போடும்போதோ போட்ட பிறகோ தோல் திடீரென வெளுத்தாலோ, வலை பின்னின மாதிரி நீலம் பாய்ந்தாலோ, வலி தாங்க முடியாமல் கூடினாலோ, ஜெல் ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கலாம் என்று தூங்கப் போகக் கூடாது. பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, அரிதாக நடந்தாலும் அது அவசர நிலை. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு, கண் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் ஹைலூரானிக் அமில ஃபில்லர் போடும் இடத்தில் ஹயாலுரோனிடேஸ் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

த்ரெட்டில் நூல் முனை தோலுக்கு வெளியே எட்டிப்பார்த்தால் கையால் இழுக்கவோ நகவெட்டியால் நறுக்கவோ கூடாது. டாக்டர் அதை வெட்டிவிடுவார் அல்லது எடுத்துவிடுவார். சில நாள் கழித்துச் சிவந்து, சூடாகி, சீழ் தெரிந்தால் அது தொற்று. இந்த நிலையில் அதே இடத்தில் ஃபில்லர் போடும் பேச்சுக்கே இடமில்லை. முழுசாக ஆறின பிறகுதான் இடைவெளிக் கணக்கே ஆரம்பிக்கும்.

கிளினிக்கை விட்டு வரும்போது ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபில்லர் பெட்டிக்குள் பிராண்ட் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் வரும். அதில் ஒன்றை ஒரு தாளில் ஒட்டி, தேதி, எந்த இடத்தில் எத்தனை மில்லி, எந்த வகை நூல், எத்தனை நூல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போனாலும், எத்தனை வாரம் காத்திருக்கணும் என்று அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்வார்.