பாட்டியின் பாதத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நீரிழிவும் கால் பராமரிப்பும்

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் தாத்தா பாட்டி காலைத் தொட்டு ஆசி வாங்குகிறோம். ஆனால், அந்தக் காலின் அடிப்பக்கத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

வீட்டுப் பெரியவருக்கு 'இனிப்பு நீர்' இருந்தால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கு வலி தெரியாமலே அங்கே ஒரு புண் இருக்கலாம்.

இது எவ்வளவு பேரின் பிரச்சினை?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஆறு பேரில் ஒருவர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே மட்டும் இது 31.4 விழுக்காடு. நம் சொந்தக்காரர்களில் மூன்று பேரை எடுத்தால் கிட்டத்தட்ட ஒருவர்.

நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வருகிறது. நீரிழிவால் கால் அகற்றப்படும் 100 பேரில் சுமார் 85 பேருக்கு அது ஒரு புண்ணில்தான் தொடங்கியிருக்கும். புண்ணைத் தடுத்தாலோ சீக்கிரம் கண்டுபிடித்தாலோ பெரும்பாலான கால்களைக் காப்பாற்ற முடியும்.

வலி ஏன் தெரிவதில்லை?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால் நரம்புகள் சேதமடையும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவைதான். அதனால் பாதிப்பு முதலில் கால்விரல்களில் தொடங்குகிறது. வியர்வையும் குறைவதால் தோல் வறண்டு, குதிகால் வெடிக்கிறது. ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் சின்னக் காயம்கூட லேசில் ஆறாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் கித்தா மரமும் செம்பனையுமாகவே வாழ்ந்தவர்களின் பாதம் காய்த்துப் போயிருக்கும். "இந்தக் கால் பார்க்காத முள்ளா?" என்பார்கள். அந்தத் தடித்த தோலுக்கு அடியிலேயே புண் மறைந்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. செம்பனை முள்ளோ சிலிப்பருக்குள் புகுந்த கல்லோ குத்தினால், முன்பு உடனே தெரிந்தது. இப்போது தெரியாமல் போகலாம்.

ஒரே நிமிடத்தில் ஒரு சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான 'தொடு சோதனை' இது.

1. பெரியவரைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளட்டும்.
2. தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள்.
3. ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம். ஒரு விரலை ஒரு தடவை மட்டும்தான் தொட வேண்டும்.

மொத்தம் ஆறு விரல்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் சொல்லி முழுப் பரிசோதனை செய்யுங்கள். எல்லாமே தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை அவசியம். அடுத்த முறை சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போகும்போது, "மிசி, காலையும் பார்க்கணும்" என்று கேளுங்கள்.

தினமும் என்ன செய்யலாம்?

- பாருங்கள்: பாதத்தின் மேல், அடி, குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெரியவருக்குக் குனிய முடியாமலும் கண் சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். வீட்டில் வேறொருவர்தான் பார்க்க வேண்டும்.
- கழுவுங்கள்: வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும். சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையால் பாருங்கள். நெடுநேரம் ஊற வைக்க வேண்டாம்.
- துடையுங்கள்: விரல் இடுக்கில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும். ஒற்றி எடுங்கள்.
- கிரீம் தடவுங்கள்: வறண்ட இடத்தில் மட்டும். விரல் இடுக்கில் கூடாது.
- நகம் வெட்டுங்கள்: நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து ஆழமாக வெட்டாதீர்கள்.
- உதறுங்கள்: சிலிப்பர், சப்பாத்து எதுவாக இருந்தாலும் போடும் முன் உதறி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

எதைச் செய்யக் கூடாது?

காலாணியைப் பிளேடால் சீவுவது, காலாணி பிளாஸ்டர் ஒட்டுவது, விறுவிறுப்புக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது, இவை மூன்றும் ஆபத்து. சூடு தெரியாத கால் கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியவரும். புண்ணில் மஞ்சள், காபித்தூள் வைப்பதும் வேண்டாம். சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

கோயிலுக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் அழைத்துப் போங்கள். சுட்ட தரையில் வெறுங்காலோடு வரிசையில் நிற்க விடாதீர்கள். திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள்:

- திறந்த புண், சீழ், துர்நாற்றம்
- தோல் கறுத்துப் போவது
- சிவப்பு பரவுவது, கூடவே காய்ச்சல் அல்லது நடுக்கம்
- புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. உள்ளே எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

கிளினிக் மூடியிருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். கோல சிலாங்கூர் பக்கம் தஞ்சோங் காராங் மருத்துவமனையும், சபாக் பெர்ணம் பக்கம் துங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனையும் உள்ளன.

"போனா காலை எடுத்துடுவாங்க"

பெரியவர்கள் புண்ணை மறைப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம். பக்கத்து வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குப் போய் ஒற்றைக் காலோடு திரும்பியதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அவர் எத்தனை வாரம் தாமதமாகப் போனார் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. சீக்கிரம் காட்டினால்தான் காலைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இதைத் திட்டாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளை தன் காலைப் பிடிப்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். "நகம் வெட்டி விடட்டுமா பாட்டி?" என்று ஆரம்பியுங்கள். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்து வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்குப் போகிறவர் என்றால், இரண்டு பாதத்தின் அடியையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். மற்ற நாட்களில் பார்க்க, கூட இருப்பவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.